சனி, ஞாயிறு மட்டும் கையில் இருந்தால் மாடல் ரயில் லேஅவுட் எப்படி நகரும்?

கேள்வி இதுதான்: 2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர் பலகை, ஹெச்ஓ ஸ்கேல் (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு), ஒரு வட்டப் பாதை, உள்ளே மூன்று சைடிங் (வேகன்களை நிறுத்தும் கிளைப் பாதை), நான்கு பாயிண்ட் (பாதை பிரியும் இடம்). தண்டவாளம் பாதி பதித்தும் பாதி சும்மா எடுத்து வைத்தும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. ஒரு பாயிண்டில் பெட்டிகள் தடம் புரள்கின்றன. சனி ஞாயிறில் மூன்று நான்கு மணி நேரம்தான் கிடைக்கும், அதுவும் எங்கே போனது என்றே தெரிவதில்லை. எந்த வேலையை எப்போது செய்வது, ஒரே தண்டவாளத்தில் பல எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்டவிடும் டிஜிட்டல் முறையான டிசிசிக்கு இப்போதே மாறிவிடலாமா?

நேரம் போதவில்லை என்பது பாதிதான் உண்மை. அடுத்த சனிக்கிழமை கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். போன வாரம் எங்கே விட்டோம் என்று யோசிப்பதில் கொஞ்சம், சாலிடரிங் இரும்பையும் கட்டரையும் தேடி எடுத்து விரிப்பதில் கொஞ்சம், ரெயில் ஜாயினர் (இரண்டு ரெயிலை இணைக்கும் சின்ன உலோகத் துண்டு) தீர்ந்துபோயிருப்பதைக் கண்டுபிடித்து நொந்துகொள்வதில் கொஞ்சம் போகும். மிச்சம் இருப்பதில் பெரும்பகுதியைப் பசை காய்வதற்குக் காத்திருப்பதே தின்றுவிடும். ஹெச்ஓ லேஅவுட்டில் பசை, பிளாஸ்டர், பெயின்ட் என்று எதைத் தொட்டாலும் காய வேண்டும், தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை போட்ட சல்லி முழுதாக இறுக ஒரு நாளாவது ஆகும். அதைச் சனிக்கிழமை காலையில் போட்டால் அந்த இடத்தில் அந்த வார இறுதி முடிந்தது. ஞாயிறு மாலை கடைசி வேலையாகப் போட்டால் திங்கள் முதல் வெள்ளி வரை அது தானாகக் காயும், உங்களுக்கு ஒரு நிமிடம்கூடச் செலவில்லை. ஆகவே ஈரமான வேலை எல்லாம் ஞாயிறு மாலைக்கு, உலர்ந்த வேலை எல்லாம் சனிக்கிழமைக்கு. இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, ஞாயிறு வேலையை முடித்து எழுந்திருக்கும் முன் பலகையின் ஓரத்தில் ஒரு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அடுத்து முதலில் கை வைக்க வேண்டிய வேலையை எழுதிவிடுங்கள். ‘வயரிங்’ என்று எழுதாதீர்கள், அது ஒரு வேலை இல்லை, ஒரு துறை. ‘இரண்டாவது சைடிங்கின் கடைசித் துண்டுக்கு ஃபீடர் சாலிடர் செய்’ என்று எழுதுங்கள் (ஃபீடர் என்பது ரெயிலுக்கு மின்சாரம் தரும் வயர்). பக்கத்திலேயே வாங்க வேண்டியதையும் எழுதிவிட்டால் வாரத்தின் நடுவில் பார்த்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். கருவிகளை ஒரு தட்டில் போட்டு பலகைக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள், அலமாரிக்கு அனுப்பாதீர்கள்.

சரி, இனி எதில் தொடங்குவது. வட்டப் பாதையை விட்டுவிடுங்கள், சைடிங்கை முதலில் முடியுங்கள் என்பதுதான் என் கருத்து, பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வட்டத்தில் ரயில் சுற்றுவது பார்க்க அழகு, ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் அதில் நீங்கள் செய்ய எதுவும் இருக்காது. உங்களிடம் மூன்று சைடிங் இருக்கிறது என்கிறீர்கள், அதற்கு இரண்டு பாயிண்ட் போதும். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேய மாடலர் உருவாக்கிய இங்கிள்நுக் என்ற ஷண்டிங் (வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்தி வரிசைப்படுத்தும்) விளையாட்டுக்கு அச்சு அசலாக இதுதான் தேவை. ஒரு சைடிங்கில் ஐந்து வேகன் நிற்க வேண்டும், மற்ற இரண்டிலும் மூன்று மூன்று, எஞ்சின் நிற்கும் பக்கம் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டுமே பிடிக்கும் நீளம். மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்து வேகனை எடுத்து, சீட்டு வந்த அதே வரிசையில் கோத்து நிறுத்த வேண்டும். கணக்குப் போட்டால் 6,720 விதமான வரிசைகள் வரும், சலிக்க வாய்ப்பே இல்லை. கப்ளரோடு (வேகன்களைக் கோக்கும் கொக்கி) ஒரு வேகன் 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் நீளமான சைடிங் 75 சென்டிமீட்டர், எஞ்சின் பக்கம் 65, நடுவில் இரண்டு பாயிண்டுக்கு 50 என்று போட்டாலும் இரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் பலகையின் நீளவாக்கில் ஒரு ஓரத்தில் இதை வைத்து முடித்துவிட்டால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓட்டிப் பார்க்க ஒரு ரயில் இருக்கும். வேலையும் ஓட்டமும் சேர்ந்து போனால்தான் ஆர்வம் நிற்கும். கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் என்ற அமெரிக்க மாடலர் கட்டிய புகழ்பெற்ற பெரிய லேஅவுட்டுக்குள்ளேயே அவர் முதலில் கட்டிய சின்ன லேஅவுட்டும் ஒரு பகுதியாக அப்படியே சேர்ந்திருந்தது. சின்னதாக முடித்ததை வீணென்று தூக்கிப் போட வேண்டியதில்லை.

வட்டத்தைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை, பிறகு பாயிண்டுக்கு வருகிறேன். 1.2 மீட்டர் அகலத்தில் 55 சென்டிமீட்டர் ஆரத்துக்கு மேல் வளைவு போட இடமில்லை, ஓரத்தில் கொஞ்சம் விட வேண்டுமே. நிஜத்தில் 25 மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி 1:87 அளவில் கிட்டத்தட்ட 29 சென்டிமீட்டர் வரும். நீளமான பெட்டியைப் போல மூன்று மடங்காவது ஆரம் இருந்தால்தான் நிம்மதி, அப்படிப் பார்த்தால் 87 சென்டிமீட்டர் வேண்டும், உங்களிடம் இல்லை. பெட்டிகள் வளைவில் ஓரத்தை இடிக்கிறது, கப்ளர் கழன்றுகொள்கிறது என்றால் தண்டவாளத்தைத் திட்டிப் பயனில்லை. 14 சென்டிமீட்டர் வேகன்களுக்கு இந்த வளைவே தாராளம், அவற்றோடு போங்கள்.

இப்போது தடம் புரளும் பாயிண்ட். இதில் யூகிக்க வேண்டாம், ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஒரே வேகன் எல்லா இடத்திலும் இறங்கினால் குற்றம் சக்கரத்தில். எல்லா வேகனும் ஒரே இடத்தில் இறங்கினால் தண்டவாளத்தில். ஒரு குறிப்பிட்ட வேகன் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் இறங்கினால் இரண்டுமே எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன என்று அர்த்தம், இரண்டையும் பார்க்க வேண்டும். எஞ்சினை வைத்துச் சோதிக்காதீர்கள், அதன் எடை பல குறைகளை அமுக்கி மறைத்துவிடும். லேசான ஒரு வேகனை விரலால் மெதுவாக இரண்டு திசையிலும் தள்ளுங்கள், பாயிண்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தள்ளுங்கள், எந்த அங்குலத்தில் சக்கரம் ஏறுகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

சக்கரத்துக்கு வருவோம். ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே ஹெச்ஓவில் ஏறத்தாழ 14.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது குறைந்தால் சக்கரம் ஃப்ராக்கை (பாயிண்டில் இரண்டு ரெயில் குறுக்கிடும் இடம்) ஒட்டிய காவல் ரெயிலில் இடித்து ஏறும், கூடினால் வளைவில் இறுகும். அமெரிக்காவின் என்எம்ஆர்ஏ என்ற மாடல் ரயில் சங்கம் 1935 முதல் இருக்கிறது, அவர்கள் வகுத்த அளவுகளை வைத்து ஒரு சின்ன உலோகத் தகடு கிடைக்கிறது. அதன் பற்களில் சக்கரம் உட்காருகிறதா என்று பார்த்தால் போதும், ஸ்கேலை எடுத்து அளக்க வேண்டியதில்லை. அதே தகட்டின் இன்னொரு ஓரத்தால் தண்டவாள இடைவெளியையும் பார்த்துவிடலாம். இந்தப் பொழுதுபோக்கில் முதலில் வாங்க வேண்டிய கருவி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், சாலிடரிங் இரும்பு இரண்டாவதுதான்.

தண்டவாளப் பக்கம் பார்த்தால், பாயிண்டை ஆணியோ திருகோ வைத்து இறுக்கிப் பலகையோடு அழுத்தியிருப்பீர்கள், அநேகமாக அதுதான் காரணம். பாயிண்ட் நடுவில் கொஞ்சம் வளைந்தாலும் போதும், நகரும் நாக்கு பக்கத்து ரெயிலோடு ஒட்டாமல் முடி அளவு இடைவெளி விடும், சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு தப்பான பாதையில் போகும். திருகைத் தளர்த்திவிட்டு மறுபடி தள்ளிப் பாருங்கள். பாயிண்டுக்கு மூன்று நான்கு இடத்தில் மெல்லிசாகப் பசை போதும், நாக்கு நகரும் பகுதிக்கு அடியில் அதுவும் வேண்டாம். அப்புறம் ஜாயினர். இரண்டு ரெயில் சேரும் இடத்தில் நகத்தை வைத்து இழுங்கள், தட்டினால் அங்கே ஒரு படி இருக்கிறது. சில நேரம் ரெயில் ஜாயினருக்குள் போகாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கைபேசியைத் தண்டவாளத்தின் மட்டத்தில் படுக்க வைத்து நீளவாக்கில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், மேடு பள்ளம், கோணல் எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். ஃப்ளெக்ஸ் டிராக்கில் (கையால் வளைக்கக்கூடிய தண்டவாளம்) வளைவின் நடுவே இணைப்பு வந்தே தீரும் என்றால் இரண்டு துண்டையும் நேராக வைத்து முதலில் சாலிடர் செய்துவிட்டு அப்புறம் வளைக்க வேண்டும். வளைத்துவிட்டு இணைத்தால் அந்த இடம் கோணித்தான் நிற்கும். நேரான பகுதிகளில் சில இணைப்புகளைச் சாலிடர் செய்யாமல் மெல்லிய இடைவெளியோடு விடுங்கள். ரெயில் வெப்பத்தில் நீள்வது கம்மிதான், மீட்டருக்கு 20 டிகிரி கூடினாலும் அரை மில்லிமீட்டர்கூட வராது, ஆனால் மரப்பலகை காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஊதிச் சுருங்கும், அதன் இழுப்புத்தான் தண்டவாளத்தைக் கோணவைக்கும்.

அடுத்தது வயரிங். பெரும்பாலான லேஅவுட்கள் இங்கேதான் நின்றுபோகின்றன, பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை என்பதால். (இதையே ரசிப்பவர்களும் உண்டு. எம்ஐடியில் 1946இல் தொடங்கிய மாடல் ரயில் சங்கத்தில் பலகைக்கு அடியில் சிக்னலும் மின்சாரமும் பார்த்த குழுவில்தான் ஆரம்பகாலக் கம்ப்யூட்டர் ஹேக்கர்கள் பலர் இருந்தார்கள்.) ரெயில் ஜாயினரை நம்பி மின்சாரம் அனுப்பாதீர்கள். இன்றைக்கு ஓடும், ஆறு மாதம் கழித்துத் தூசும் ஆக்சைடும் சேர்ந்து ஏதோ ஒரு இணைப்பு சத்தமில்லாமல் செத்துப்போகும், சல்லி போட்டபிறகு அது எது என்று கண்டுபிடிப்பது தலைவலி. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு மெல்லிய ஃபீடர் வயர், அவை ஒரு சாணுக்கு மேல் நீளாமல் பலகைக்குக் கீழே நெடுக மின்சாரம் கொண்டுபோகும் தடித்த பஸ் வயரில் சேர வேண்டும். பஸ்ஸுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இந்த அளவுப் பலகைக்குத் தாராளம். முன் ரெயிலுக்குச் சிவப்பு, பின் ரெயிலுக்குக் கறுப்பு என்று வைத்தால் கடைசிவரை அதை மாற்றாதீர்கள்.

இதை வார இறுதிக்குத் தகுந்த மாதிரி பிரிக்க ஒரு வழி இருக்கிறது. இன்னும் பதிக்காத துண்டுகளுக்கு ஃபீடரை மேஜையில் வைத்தே சாலிடர் செய்துவிடலாம், அதற்கு வார நாளில் இரவு கால் மணி நேரம் போதும், ஓர் இரவுக்கு இரண்டு துண்டு. ரெயிலின் அடியில் அல்லது வெளிப்பக்கம் வையுங்கள், உள்பக்கம் வைத்தால் சக்கரத்தின் விளிம்பு அதில் ஏறும். ரெயிலை நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்து, ரோசின் ஃப்ளக்ஸ் தடவி, வயரிலும் ரெயிலிலும் தனித்தனியே ஈயம் பூசிவிட்டு, சூடான இரும்பை இரண்டு மூன்று நொடி மட்டும் வைத்து எடுங்கள். இரும்பு குளிராக இருந்து நீண்ட நேரம் அழுத்தினால்தான் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும். இரண்டு பக்கமும் ஈரத் துணித்துண்டு வைத்தால் இன்னும் பாதுகாப்பு. ஆசிட் ஃப்ளக்ஸ் கிட்டே வரவே கூடாது, அது வயரை மெல்ல அரித்துவிடும்.

உங்கள் வரைபடத்தில் ஒரு விஷயம் பார்த்துவிடுங்கள். தாளில் ஒரு ரெயிலைச் சிவப்பிலும் மற்றதை நீலத்திலும் வரைந்துகொண்டே போங்கள். எங்காவது சிவப்பு நீலத்தோடு போய் முட்டினால் அங்கே ரயில் திரும்பி வரும் வளையம் ஒன்று ஒளிந்திருக்கிறது, அந்தப் பகுதியின் இரண்டு ரெயிலையும் இரண்டு முனையிலும் வெட்டித் தனிமைப்படுத்தியே ஆக வேண்டும். வட்டத்தின் குறுக்கே இணைப்புக் கொடுப்பவர்கள் வழக்கமாக இங்கே மாட்டிக்கொள்வார்கள். பாயிண்டின் ஃப்ராக் உலோகமாக இருந்தால் அதற்கும் தனி வயர் வேண்டும், பாயிண்ட் மாறும்போது அதன் துருவமும் மாறும் மாதிரி ஒரு மைக்ரோ ஸ்விட்ச் வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஃப்ராக் என்றால் வயர் தொல்லை இல்லை, ஆனால் குட்டி ஷண்டிங் எஞ்சின்கள் அதன் மேல் மெதுவாகப் போகும்போது நின்றுவிடும். இங்கிள்நுக் முழுக்க மெதுவாக ஓட்டும் ஆட்டம் என்பதால் உலோக ஃப்ராக்குக்கு உழைக்கலாம் என்பது என் எண்ணம்.

வயரிங் முடிந்ததும் உடனே சல்லி கொட்டாதீர்கள். குறைந்தது இரண்டு வார இறுதி வெறும் தண்டவாளத்திலேயே ஓட்டுங்கள், மெதுவாக, வேகன்களைத் தள்ளிக்கொண்டு பின்னோக்கியும் ஓட்டுங்கள். முன்னால் இழுக்கும்போது ஒளிந்திருக்கும் குறைகள் தள்ளும்போது வெளியே வரும். எஞ்சின் தடுமாறும் இடத்தில் ஒரு சின்ன காகிதத் துண்டை ஒட்டிவிட்டு ஓட்டத்தைத் தொடருங்கள், உடனே சரிசெய்ய உட்காராதீர்கள். ஒரே இடத்தில் மூன்று காகிதம் சேர்ந்தால் அது நிஜமான குறை, ஒன்றே ஒன்று என்றால் பெரும்பாலும் அழுக்குத்தான். அழுக்குக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும், உப்புக்காகிதம் வேண்டாம், அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

சல்லி போடும் முன் ரெயிலின் பக்கவாட்டில் துருப்பிடித்த பழுப்பு நிறம் அடித்துவிடுங்கள், மேல்முகத்தை மட்டும் காயும் முன் துடைத்துவிட வேண்டும். தண்டவாளம் பளபளவென்று பொம்மை மாதிரி தெரிவது இதிலேயே பாதி போய்விடும், சனிக்கிழமை ஒரு மணி நேர வேலைதான். சல்லி விஷயத்தில் அவசரப்படுபவர்கள் எல்லாம் ஒரே நாளில் முழுப் பாதைக்கும் போடப் பார்க்கிறார்கள். அரை மீட்டர் போதும், ஞாயிறு மாலை அரை மீட்டர். சல்லியை உலர்வாகக் கொட்டி, மெல்லிய பிரஷ்ஷால் ஸ்லீப்பரின் மேல்மட்டத்துக்குக் கீழே தள்ளி, ரெயிலின் உள்பக்கத்தில் ஒரு மணிகூட ஒட்டாமல் தட்டிவிடுங்கள். அழகு முழுக்க இந்த உலர் கட்டத்தில்தான் தீர்மானமாகிறது, பசை அதை அப்படியே பிடித்து வைக்கும், அவ்வளவுதான். பிறகு ஆல்கஹாலைத் தெளித்து நனைத்து, அது நனைந்திருக்கும்போதே பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் சேர்த்துச் சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். நனைக்காமல் பசையை விட்டால் அது முத்து முத்தாக உருண்டு சல்லியைக் குழி பறிக்கும். இயற்கை மணலைச் சலித்துப் பயன்படுத்துவதாக இருந்தால் முதலில் ஒரு காந்தத்தை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள், இரும்புத்தாது மணிகள் இருந்தால் எஞ்சினின் மோட்டார் காந்தம் அவற்றை இழுத்துக்கொள்ளும். பாயிண்டுகளின் நாக்குப் பக்கம் கடைசியில், மிகக் குறைந்த சல்லியோடு, பசை நாக்குக்கு அடியில் ஓடாதபடி போடுங்கள். காய்கிற நேரத்தில் போகிறபோதும் வருகிறபோதும் நாக்கை ஒருமுறை அசைத்துவிட்டுப் போங்கள்.

மலை, மரம், வீடு பற்றி இப்போது நீங்கள் யோசிக்கவே வேண்டாம். வெறும் பலகை கண்ணை உறுத்தினால் முழுவதுக்கும் மண் நிறத்தில் ஒரு கை பெயின்ட் அடித்துவிடுங்கள், லேஅவுட் பாதி முடிந்த மாதிரி இருக்கும். அதன்பிறகு மேலே எதை வைத்தாலும் இடுக்கில் வெள்ளை மரம் தெரியாது.

கடைசியாக டிசிசி. ஒரே ஒரு எஞ்சினை வைத்து ஷண்டிங் செய்ய வழக்கமான 12 வோல்ட் டிசி கன்ட்ரோலரே போதும், இரண்டாவது எஞ்சின் அதே தண்டவாளத்தில் தனியாக நகர வேண்டும் என்ற நாள் வரும்போது மாறிக்கொள்ளலாம். பஸ்ஸும் ஃபீடரும் நான் சொன்னபடி போட்டுவிட்டால் மாறும் நாளில் கீழே எதையும் பிரிக்க வேண்டியதில்லை, கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு டிசிசி பூஸ்டரை (தண்டவாளத்துக்கு மின்சாரமும் கட்டளையும் அனுப்பும் பெட்டி) மாட்டி, எஞ்சினுக்குள் அந்தக் கட்டளையைப் படிக்கும் டீகோடர் வைத்தால் முடிந்தது. சாலிடரிங்கும் கொஞ்சம் கம்ப்யூட்டரும் வருமென்றால் ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையை வைத்து டிசிசி-இஎக்ஸ் என்ற திறந்த மூலத் திட்டத்தில் குறைந்த செலவில் நீங்களே ஒன்று செய்துகொள்ளலாம். மாறியதும் தண்டவாளத்தின் கடைக்கோடியில் ஒரு நாணயத்தை இரண்டு ரெயிலுக்கும் குறுக்கே வையுங்கள், பூஸ்டர் உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும், துண்டிக்காவிட்டால் அந்தப் பக்கத்து ஃபீடர் சரியில்லை. டீகோடர் இல்லாத எஞ்சினை டிசிசி தண்டவாளத்தில் நிறுத்தி வைக்காதீர்கள், மோட்டார் ரீங்காரமிட்டுச் சூடாகும், கோர்லெஸ் மோட்டார் (சுழலும் பகுதியில் இரும்பு இல்லாதது) என்றால் எரிந்தே போகலாம். இரண்டு கன்ட்ரோலரையும் ஒரு ஸ்விட்ச் போட்டு மாற்றி மாற்றி ஓட்டலாமே என்று தோன்றும், அதுவும் வேண்டாம். ஒரு சைடிங் டிசியிலும் பக்கத்துப் பாதை டிசிசியிலும் இருக்கும்போது ஒரு சக்கரம் இணைப்பைத் தாண்டினால் இரண்டும் நேரடியாக மோதும், போவது பூஸ்டராகவும் இருக்கலாம் டீகோடராகவும் இருக்கலாம். மாறுவதென்றால் ஒரு சனிக்கிழமை முழுதாக மாறுங்கள், பழைய கன்ட்ரோலரின் வயரைப் பலகையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.